யாரு செத்தது என்று கேட்ட மலை

மச்சான்,

இன்று காலை எனக்கு வந்த மானக்கேட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ இருந்திருந்தால் பத்து மணிக்குள் கொட்டகலை கடைத்தெரு முழுக்கப் பரப்பியிருப்பாய். இப்போது நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மகள் தர்ஷினியின் இரண்டாவது பாட்டுத் தொகுப்பு வெளிவந்ததிலிருந்து, அதன் கீழே போனில் ஆட்கள் எழுதுகிற கருத்துகளை வாசிக்காமல் நான் பல் துலக்குவதில்லை. இன்றைக்கு ஒருவன், 'இது பாட்டா, பெக்டரி இரைச்சலா?' என்று எழுதியிருந்தான். பதினெட்டு வருடம் தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டியவன் நான். இரைச்சல் எது, பாட்டு எது என்று எனக்கே பாடம் எடுக்கிறான். பொறுக்க முடியவில்லை. 'ஒரு ரசிகன்' என்ற பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, 'இந்தப் பாடகி யாரென்றே எனக்குத் தெரியாது, ஆனால் இப்படி ஒரு குரலை என் வாழ்நாளில் கேட்டதில்லை' என்று எழுதினேன். படம் போடு என்று போன் கேட்டது. கைக்கு வந்த படத்தைப் போட்டேன்.

அரை மணித்தியாலத்தில் கொழும்பிலிருந்து மகள் பேசினாள்.

"அப்பா, அந்த ரசிகர் நம்ம ஆட்டோ முன்னாடி நிக்கிறாரு. நம்பர் பிளேட்டுகூட தெரியுது. பின்னாடி அம்மா துணி காயப்போடுறாங்க."

"அப்படியா? யாரா இருக்கும்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அதை அழிப்பதற்குக் கண்ணாடி தேவைப்பட்டது. கண்ணாடியைத் தேடி ஆட்டோவின் முன்பெட்டிக்குள் கையை விட்டபோது, உன்னுடைய கறுப்பு டேப் சுருள் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. வயர் ஒட்டுகிற டேப். கரண்ட் வயர், செருப்பு வார், குடைக்கம்பி, ஒரு தடவை என் வீட்டுக்காரி லெச்சுமியின் மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் உன்னிடம் இருந்த ஒரே வைத்தியம். மூக்கருகே கொண்டுபோனேன். ரப்பரும் தூசியும் கலந்த அந்த வாசனையில் நீ அப்படியே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். கருத்தை அழிக்க மறந்துபோனேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எழுபது பேர் சிரித்திருக்கிறார்கள்.

உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அந்த டேப் ஒன்றுதான் என்றால் கவலை இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கணக்கில் கோட்டைவிட்டவனுடைய கடிதம், முன்பின்னாகத்தான் இருக்கும்.

முதல் தொகுப்பு வந்த நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். கொழும்பில் ஒரு மண்டபத்தில் வெளியிட்டார்கள். கிட்டாரும் புல்லாங்குழலுமாக எட்டுப் பாட்டு. எட்டிலும் மழை பெய்தது, எட்டிலும் யாராவது ஒருவர் அழுதார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனுஷர் கைக்குட்டையை எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். மறுவாரம் பத்திரிகையில், 'மலையகத்தின் துயரம் தன் குரலைக் கண்டடைந்துவிட்டது' என்று எழுதினார்கள். அந்தப் பக்கத்தை வெட்டி பிளாஸ்டிக் உறை போட்டு ஆட்டோவில் தொங்கவிட்டேன். பின்சீட்டில் ஏறுகிறவர்கள் வாசிக்காமல் இறங்க முடியாது. நிறுத்தம் வந்த பிறகும் வாசித்து முடிக்காத ஒருவருக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

நம் தோட்டத்திலும் அது ஒலிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. சவுண்ட் செட் உன்னிடம்தானே இருந்தது. சுற்றியுள்ள ஆறு தோட்டங்களுக்கும் கல்யாணம், சடங்கு, திருவிழா, சாவு எதுவானாலும் உன் கூம்பு ஸ்பீக்கர்தான். மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, கோயிலடி டர்பன்டைன் மரத்தில் ஏறி நீ ஸ்பீக்கரைக் கட்டினாய். எதிர்மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கு நீ வைத்திருந்த பரீட்சை எனக்குத் தெரியும். நூறு தடவை சொல்லியிருப்பாய்.

"பொம்பளைங்க கையப் பாக்காத மச்சான், கை நிக்காது. கை நின்னா கிலோ கொறையும், கங்காணி ஏசுவாரு. வாயப் பாரு. பேச்சு ஓடிக்கிட்டே இருந்தா பாட்டு பெயில். பேச்சு நின்னா பாஸ். வாய் கூடச் சேந்து அசைஞ்சா, அது அவங்க பாட்டு. அப்புறம் பாடுனவங்களே வந்து கேட்டாலும் திருப்பித் தரமாட்டாங்க."

அன்றைக்கு தர்ஷினியின் பாட்டைப் போட்டாய். எதிர்மலையில் பேச்சு நின்றது. ஒரே அமைதி. நான் உன்னைப் பெருமையோடு பார்த்தேன். நீ நெற்றியில் கையை வைத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நிமிஷம் போயிருக்கும். மேல் தேயிலை நிரையிலிருந்து பரமேஸ்வரி, கொழுந்துக் கூடையோடு நிமிர்ந்து, வாயருகே கையைக் குவித்துக் கத்தினாள்:

"அண்ணே! யாரு செத்தது?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பக்கத்தில் நேரங்கெட்ட நேரத்தில் ஸ்பீக்கரில் மெதுவான பாட்டு வந்தால் அது சாவு வீடுதான். கீழ் லயத்து வீடுகளிலிருந்து இரண்டு பேர் தலையில் துண்டோடு புறப்பட்டே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்று வேறு கேட்டார்.

நீ சிரிக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னாய்:

"மச்சான், கோவிச்சுக்காத. நம்ம புள்ள நம்மளப் பத்திப் பாடுது. நமக்குப் பாடல. அழுறதுக்கு நமக்கு ஆள் வைக்க வேணாம், அத நாமளே நல்லாச் செய்வோம். நாம சிரிக்கிறது எங்க போச்சு? பீலிக்கரையில தண்ணி புடிக்கிறப்ப நடக்குற சண்டை எங்க? ஒன் பொண்டாட்டி ஒன்னைய ஏசுறது எங்க? அதெல்லாம் இந்தப் புள்ள பொறந்து வளந்த வீட்டுலதானே நடந்துச்சு?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. "ஒனக்கு என்னடா தெரியும், கல்யாண வீட்டுல டப்பாங்குத்து போடுற ஆளு" என்று கேட்டேன். நீ டேப் சுருளைப் பையில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டாய். அதன் பிறகு மூன்று மாதம் உன் வாசல் வழியாகப் போகாமல், மேல் ரோட்டைச் சுற்றி ஆட்டோ ஓட்டினேன். பெட்ரோல் விற்கிற விலையில் கோபம் என்பது பணக்காரர்களுக்கு உரியது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி போனில் பேசினாள். குரல் நன்றாக இல்லை.

"எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொல்றாங்கப்பா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஊர்ல என்னதான் சொல்றாங்க? நீங்க உண்மையச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்லச் சொன்னால் என்னிடம் என்ன இருக்கிறது, மச்சான்? எனக்குத் தெரிந்த உண்மை, நம் மகள் நன்றாகப் பாடுகிறாள் என்பது மட்டும்தான். வாயைத் திறந்தேன். உன் பேச்சுதான் வந்தது. "நம்மளப் பத்திப் பாடுற தாயி. நமக்குப் பாடல" என்று தொடங்கி, பீலிக்கரை, சண்டை, லெச்சுமியின் ஏச்சு வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பரீட்சையில்கூட நான் இப்படி ஒப்பித்ததில்லை.

அழுதுவிடுவாளோ என்று பயந்துகொண்டேதான் முடித்தேன்.

"அப்பா, இது நீங்களா யோசிச்சதா?"

"பின்ன யாரு?"

இரண்டே சொல். அதற்கு மேல் பொய்யை நீட்டவில்லை. நீட்ட அவசியமும் வரவில்லை. "இத்தனை நாள் ஒருத்தர்கூட இதச் சொல்லலப்பா" என்றாள். அந்தக் குரலில் இருந்த மரியாதை, அவளைப் பெற்றதிலிருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை. இனிப்பாக இருந்தது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பால் ஊற்றாத பிளேன்டி குடிக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக அனுபவித்தேன்.

பிறகு நீதான் இறங்கி வந்தாய். ஒரு நாள் ஸ்டேண்டுக்கு வந்து, தெரியாத ஆள் மாதிரி என் ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி, "ஸ்டேஷனுக்கு விடுங்க தம்பி" என்றாய். உன்னைவிட நான் நான்கு மாதம் மூத்தவன். ஸ்டேஷன் வரை இரண்டு பேரும் பேசவில்லை. அங்கே போனதும், "ரயில் போயிருச்சு போல, திருப்பி விடுங்க" என்றாய். அந்த நேரத்தில் ரயிலே இல்லை. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சமாதானம் ஆகிவிட்டோம். இறங்கும்போது டேப் சுருளை முன்பெட்டியில் போட்டு, "ஒன் ஹேண்டல் ஆடுது, சுத்திக்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் பேச்சை அவளிடம் என் பேச்சாக விற்றுவிட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரு மைல் தூரமும் ஒரு சிரிப்பும் கையில் இருந்தன. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

ஆறாம் நாள் உனக்கு நெஞ்சு வலித்தது. வைத்தியசாலைக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

உன் வீட்டு வாசலில் உன் ஸ்பீக்கரையே கட்டினோம். உன் மனைவிதான் அம்ப்ளிஃபயரைப் போட்டது. இருபது வருடமாக நீ மரத்தில் இருக்கும்போது கீழே நின்று சத்தத்தைக் கூட்டிக் குறைத்தவள் அவள்தானே. "அண்ணே, நம்ம தர்ஷினி பாட்டு ஒன்னு போடுவோமா?" என்று கேட்டாள். போட்டோம். அன்றைக்கு அந்தப் பாட்டு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. எதிர்மலையில் அமைதி. யாரும் யாரு செத்தது என்று கேட்கவில்லை.

தர்ஷினி சாவுக்கு வந்தவள், நாலு மாதம் கொழும்புக்குத் திரும்பவே இல்லை. விடிந்ததும் பீலிக்கரைக்குப் போய், குடத்தை வைத்துக்கொண்டு சண்டையைக் கேட்டாள். மலைக்குப் போய் அட்டைக்கடி வாங்கினாள். வீட்டில் லெச்சுமி என்னை ஏசத் தொடங்கினால் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். லெச்சுமி, போனைப் பார்த்ததும், கொஞ்சம் நல்ல தமிழில் ஏசுவாள். அதிலிருந்து வந்ததுதான் இரண்டாவது தொகுப்பு. பெயர் 'பத்து மணிப் பிளேன்டி'. ஏழு பாட்டு. ஒன்றில்கூட மழை இல்லை. மழை வந்தாலும் குடை யாருடையது என்ற சண்டையோடுதான் வருகிறது.

வெளியே அதை எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்று கேட்கிறாயா? முதல் தொகுப்புக்குக் கைக்குட்டையை எடுத்த தரப்பில் பெரிய ஏமாற்றம். அதே பத்திரிகையில், 'முதல் படைப்பில் இருந்த கனம் இதில் இல்லை. விளையாட்டுத்தனம் மிகுந்துவிட்டது' என்று எழுதினார்கள். இன்னொருவர், பாட்டின் நடுவே லெச்சுமியின் குரல் வருவதை 'துணிச்சலான பரிசோதனை' என்று பாராட்டினார். அதை வாசித்துக் காட்டினேன். "நான் ஒங்களத்தானே ஏசுனேன், அதுல என்ன பரிசோதனை?" என்றாள்.

டவுனில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் என் ஆட்டோவில் வருவார். முதல் தொகுப்பு வந்தபோது பத்திரிகைத் துண்டை முழுக்க வாசித்து முடித்த ஒரே ஆள். அவரிடம் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லட்டே? எனக்கு முந்தினதுதான் பிடிச்சது. இதில பகிடி கொஞ்சம் கூடிப் போச்சு," என்றார். இறங்கிக் குடையை விரித்தவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஆனா என்ர மகள் விடிஞ்சாப் பொழுதுபட்டா இதைத்தான் பாடிக்கொண்டு திரியிறாள். நீங்கள் எனக்கு ஒரு வழி சொல்லுங்கோ, அதை நிப்பாட்ட."

ராகலை பஸ்ஸில் ஒரு சிங்களக் கண்டக்டர் வார்த்தை புரியாமலேயே அதை விசிலடிக்கிறாராம். குவைத்தில் வீட்டுவேலை செய்கிற ஒரு பிள்ளை கீழே எழுதியிருந்தாள்: 'சமைக்கும்போது கேட்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டம்மா என்ன என்று கேட்டார். சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இங்கே வந்து முதல் தடவை சிரித்தேன்.' அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் நீ கேலி செய்வாய்.

ஆனால் உன் பரீட்சை பாக்கி இருந்தது. இந்த வருடத் திருவிழாவுக்கு உன் மனைவி அதே மரத்தில் ஸ்பீக்கரைக் கட்ட ஆள் ஏற்றினாள். அதே எதிர்மலை, அதே பெண்கள். தர்ஷினி என் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு தொடங்கியது.

'பத்து மணிக்குப் பிளேன்டி வருது,
பாதித் தண்ணி, பாதிச் சூடு,
உள்ளங்கையில சீனி இருக்கு,
ஒனக்குத் தரவா, நக்கிட்டு ஓடு.'

பேச்சு நின்றது. போன தடவையும் பேச்சு நிற்கத்தானே செய்தது? நீ செய்தது போலவே நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டாவது முறை அந்த அடி வந்தபோது, கீழ் நிரையில் ஒரு வாய் அசைந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. மூன்றாவது முறை, மலையே பாடியது, மச்சான். அதோடு விட்டார்களா? 'கங்காணிக்கு மூனு கரண்டி, கணக்குப் பாக்க ஆளு இல்ல' என்று தர்ஷினி எழுதாத ஒரு அடியையும் சேர்த்துப் பாடினார்கள். கங்காணியே சிரித்துவிட்டார். பரமேஸ்வரி நிமிர்ந்து நின்று வாயருகே கையைக் குவித்தாள். எனக்கு உயிர் போய் வந்தது.

"அண்ணே! யாரும் சாகலதானே? அப்ப இன்னொரு தரம் போடுங்க!"

தர்ஷினி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது என்று தெரியவில்லை. "என் பாட்ட எடுத்துக்கிட்டாங்கப்பா" என்றாள். திருப்பித் தரமாட்டார்கள் என்று சொல்ல வந்தேன். அதுவும் நீ சொன்னதுதான். வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் அவளுக்குப் பாராட்டுக் கூட்டம். உன் மனைவியையும் என் ஆட்டோவிலேயே கூட்டிப்போனேன். மேடையில் தர்ஷினி மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"முதல் தொகுப்ப எல்லாரும் பாராட்டுனீங்க. ஒரே ஒருத்தர்தான், நீ நம்மளப் பத்திப் பாடுற, நமக்குப் பாடலன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தை இல்லாட்டி இந்தத் தொகுப்பு இல்ல. அவரு எங்க அப்பா."

மண்டபமே கைதட்டியது. மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் உன் மனைவி எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். இருநூறு பேருக்கு முன்னால், நல்ல மைக், கரகரப்பே இல்லாத மைக். நான், "நன்றி, வணக்கம்" என்றேன். அடக்கமான மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பொழுது சாயவில்லை, பனி மட்டும் இறங்கத் தொடங்கியிருந்தது. பின்சீட்டில் தர்ஷினியும் உன் மனைவியும். கொட்டகலைக்கு முந்தின வளைவில் உன் மனைவி தன்பாட்டில் சொன்னாள்:

"அவருகூட அன்னைக்குக் கோயிலடியில இருந்து வந்து இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. புள்ள நமக்குப் பாடலன்னு. அண்ணனும் அவரும் எப்பவும் ஒரே மாதிரிதான் யோசிப்பாங்க."

"அப்படியா அத்தை? மாமாவா?" என்றாள் தர்ஷினி.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தேன், மச்சான். உண்மையாகத் திறந்தேன்.

"குளிருதா? சைட் படங்க எறக்கி விடவா?" என்று கேட்டேன்.

"வேணாம்பா" என்றாள். வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். கோபமாகத் தெரியவில்லை. கொஞ்சம் சிரித்தது மாதிரிகூட இருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ.

அந்தப் பொன்னாடையை உன் டேப்போடு முன்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதை உன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், தினமும் உன் வாசல் வழியாகத்தான் போகிறேன். இப்போதெல்லாம் மேல் ரோட்டைச் சுற்றுவதில்லை. உன் பரீட்சையில் நம் மகள் பாஸ், மச்சான். அந்த மலையே பாஸ் போட்டது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. அந்த வளைவிலும் என் கை நிற்கவில்லை, ஹேண்டலை ஒழுங்காகத் திருப்பியது. வாய்தான் நின்றுவிட்டது.

சொல்லவேண்டியிருந்தது இவ்வளவுதான்: "தாயி, அது என் பேச்சு இல்ல. ஒங்க மாமா சொன்னது."